கொஞ்சம் பிடிச்சுக்கோ

ஓன்டாவில் மழை வராத நவம்பர்.
டைல்ஸ் சுடும் உலைகளின் புகை
நேராக நின்றது,
காற்றும் விடுப்பெடுத்துப் போனதுபோல்.

மதியம் ஒன்று நாற்பது. மூன்றாம் கொட்டகை.
மார்செய் போகும் லாரி
பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது.
ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

பலகைத் தட்டில் நாற்பது பெட்டி,
அறுபதுக்கு அறுபது, சாம்பல் நிறம்,
ஆயிரத்து இருநூறு கிலோ.
சுற்றுகிற பிளாஸ்டிக் தாள்
இரண்டாம் சுற்றிலேயே தீர்ந்துவிட்டது.
வெறும் அட்டைக்குழல் என் கையில்.
புது உருளை பூட்டிய அறையில்,
சாவி பத்திஸ்தேயிடம்,
பத்திஸ்தே சாப்பாட்டில்.
நாடா இழுக்கும் கருவி
திங்கட்கிழமையே செத்துப்போயிருந்தது.

நான் ரெமெய். பதினோரு வருஷமாக
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
தரையில் வைத்த முட்டையை
உடையாமல் முள்ளில் ஏந்திக் காட்டி
ஒரு பெட்டி பீர் ஜெயித்திருக்கிறேன்.

டொரினெல் கூட்டிக்கொண்டிருந்தான்.
எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன்:
கொஞ்சம் பிடிச்சுக்கோ.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான்.
பெட்டியில் உள்ளங்கையை வைத்தான்,
குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல்.
வண்டியோடு நடந்தான்.

இப்படி நூறு தடவை போயிருக்கிறோம்.
நூறு தடவையும் கைதான் காப்பாற்றியது
என்று நினைத்திருந்தோம்.
கைக்கு அங்கே வேலையே இருந்ததில்லை.
பெட்டிகள் தம் பாட்டுக்கு நின்றன,
அவ்வளவுதான்.

கொட்டகைக்கும் முற்றத்துக்கும் நடுவே
வடிகால் மூடி ஒன்று.
கட்டைவிரல் உயரம் இருக்கும்.
இடது சக்கரம் அதில் இறங்கியது.

முதலில் தாள் கிழிகிற ஓசை,
மெலிசாக, யாரோ பரிசைப் பிரிப்பதுபோல்.
அப்புறம் ஒரு தெருவே
சாப்பாட்டு மேசைகளைக் கவிழ்த்த சத்தம்.

நான் பார்த்தேன்.
அவன் கையை எடுக்கவில்லை.
எடுக்க நேரம் இருந்தது. இரண்டு கையாலும் தள்ளினான்.

இரும்பு மூக்கு வைத்த காலணி.
மூக்கு கொஞ்சமும் நசுங்கவில்லை.
அதற்கு மேலேதான்.

மறுநாள் படிவம் வந்தது.
விபத்தின் காரணம் என்ற கட்டத்தில்
நல்ல கையெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்:
பணியாளர் சரக்குக்கு மிக அருகில் நின்றார்.
சரக்கு கட்டப்பட்டிருந்ததா?
ஆம் என்பதன் மேல் பென்சிலில் ஒரு கீறல்,
அழிக்கவும் வசதியாக.

அன்று மாலையே பத்திஸ்தே
ஆறு உருளைகளைக் கொண்டுவந்து
பூட்டில்லாத அலமாரியில் அடுக்கினான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் அவன் முகத்தை.

காஸ்தெயோன் மருத்துவமனை, நான்காம் மாடி.
மனைவி லெனுத்சா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்,
தோல் அறுபடாமல், ஒரே சுருளாக.
போர்வை ஒரு பக்கம்
தட்டையாய்க் கிடந்தது.
டொரினெல் முதலில் கேட்டது:
லாரி போச்சா?

போச்சு என்றேன்.
ஏன்டா விடலை என்றேன்.

கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.
"அது கனக்கவே இல்லை, ரெமெய்.
கடைசிவரைக்கும் கனக்கவே இல்லை."

லெனுத்சா எனக்கும் இரண்டு சுளை கொடுத்தாள்.
தின்றேன். வேறென்ன செய்ய.

படிவத்தின் ஓரத்தில்,
கட்டங்களுக்கு வெளியே, பேனாவால் எழுதினேன்:
கட்டவில்லை. கயிறுக்குப் பதில் ஆள்.
பிடிச்சுக்கோ என்று சொன்னது நான்.
படிவம் திரும்பி வந்தது.
கட்டத்துக்குள் எழுத வேண்டுமாம்.
சின்ன எழுத்தில் எழுதினால் கொள்ளும்.
எழுதினேன்.

இன்று புதுப்பையன்,
பெயர்கூட இன்னும் வாயில் நிற்கவில்லை.
நான் சரக்கைத் தூக்கியதும்
யாரும் சொல்லாமலே
கையை நீட்டிக்கொண்டு வருகிறான்.

எஞ்சினை அணைத்துவிட்டு
முள்ளைத் தரைவரை இறக்குகிறேன்.
உருளையை எடுக்கிறேன். ஒரு சுற்று. இரண்டு. மூன்று.
முற்றத்தில் ஹாரன் அடிக்கிறது.

அடிக்கட்டும்.